எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள்?

1848-ம் வருஷம். ஜப்பான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு நூற்றாண்டாக உள்ளேயே உட்கார்ந்திருந்த காலம். டச்சுக்காரர்களும் சீனர்களும் நாகசாகியில் மட்டும், அதுவும் பலத்த காவலோடு, வியாபாரம் பண்ணலாம். மற்றபடி வெளியாள் எவனாவது கரையில் கால் வைத்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

அந்த ஜப்பானுக்குள் எப்படியாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசாமிக்கு ஆசை. பெயர் ரனால்ட் மெக்டொனால்ட். (பர்கர் கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர்ப் பொருத்தம் தற்செயல்.) வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகானில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர். அம்மா சினூக் என்கிற செவ்விந்தியக் குடி. திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஜப்பானின் வடகோடி வரைக்கும் போய், அங்கே ஒரு சின்னப் படகை வாங்கிக்கொண்டு தனியே இறங்கிவிட்டார். கரை தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? படகைத் தானே கவிழ்த்தார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய அப்பாவி மாலுமி என்றால் தலையை வாங்க மாட்டார்கள், கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள் என்று கணக்கு.

கணக்கு பாதி பலித்தது. தலை தப்பியது. ஆனால் நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்துப் போட்டார்கள். அடைத்த இடத்துக்கே பதினான்கு அரசாங்க மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பி அவரிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்கள். 1849-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்து அவரை மீட்டுக்கொண்டு போயிற்று. ஐந்து வருஷம் கழித்து, 1854-ல், கமடோர் பெர்ரி பீரங்கிகளைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொன்னபோது ஜப்பான் தரப்பில் மொழிபெயர்க்க உட்கார்ந்த மொரியாமா, மெக்டொனால்டின் மாணவர்.

ஆசைப்பட்டுப் போனவருக்குக் கிடைத்த உத்தியோகத்தைக் கவனியுங்கள். இங்கிலீஷ் வாத்தியார். 1987-ல் ஜப்பான் அரசாங்கம் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருஷா வருஷம் விமானம் ஏறுகிற அமெரிக்கப் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கும் அதே உத்தியோகம்தான். வாருங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் பாஷையைச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம்? அப்புறம் எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வி ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதில் எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. குச்சியால் சோற்றை எடுத்துச் சாப்பிட்டால் 'அடடா, என்ன லாகவம்' என்பார்கள். ரெண்டு வார்த்தை ஜப்பானில் பேசினால் 'பிரமாதமாகப் பேசுகிறீர்களே' என்பார்கள். இருபது வருஷம் இருந்தாலும் அதே பாராட்டு, அதே புன்னகை, அதே கேள்வி. 'கைஜின்' என்று ஒரு சொல் இருக்கிறது. வெளி ஆள் என்று அர்த்தம். எவ்வளவு நாள் உள்ளே இருந்தாலும் வெளி ஆள்.

மெக்டொனால்ட் தன் அனுபவத்தை எழுதிவைத்தார். 1894-ல் அவர் இறந்து, 1923-ல்தான் அது புத்தகமாக வந்தது. அந்த வரிசையில் இன்றுவரை எத்தனையோ புத்தகங்கள், எத்தனையோ படங்கள். இத்தனைக்கும் ஆள் கணக்கு ரொம்பக் கொஞ்சம். 2023 கடைசியில் ஜப்பானில் வசித்த வெளிநாட்டவர் சுமார் 34 லட்சம் பேர். அதில் அமெரிக்கர்கள் 63 ஆயிரத்துச் சொச்சம். (ராணுவத் தளங்களில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.) சீனர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். வியட்நாம்காரர்கள் ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஆனால் 'ஜப்பானில் ஒரு வெளிநாட்டான்' என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருகிற முகம் அமெரிக்க முகம்தான். எழுதுகிறவன் கையில் பேனா; படம் எடுக்கிறவன் கையில் ஹாலிவுட்.

அந்த முகங்களில் மிகப் பிரபலமானது பில் மர்ரேயின் தூக்கக் கலக்கமான முகம். 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்', 2003. சோஃபியா கொப்பலா எடுத்தது. மார்க்கெட் போன ஒரு ஹாலிவுட் நடிகர் ஸன்டோரி விஸ்கி விளம்பரத்துக்காக டோக்கியோ வருகிறார். (சோஃபியாவின் அப்பா ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலா 1980 வாக்கில் அகிரா குரோசவாவோடு சேர்ந்து நிஜமாகவே ஸன்டோரி விளம்பரத்தில் நடித்திருக்கிறார். குடும்ப அனுபவம்.) ஷிஞ்சுகு பகுதியில் உள்ள பார்க் ஹையட் ஓட்டலில் தங்குகிறார். அங்கே புருஷனால் தனியே விடப்பட்ட ஓர் இளம் பெண். ரெண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் கதை. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, தனிமையை அழகாகப் பிடித்த படம். ஆனால் ஜப்பானைப் பற்றிய படமா என்றால், ம்ஹும். ஓட்டல் ஜன்னலைப் பற்றிய படம். லிஃப்டில் கதாநாயகர் எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாக நிற்கிறார், சிரிக்கிறோம். குளியலறையில் ஷவர் அவர் மார்பளவுக்குத்தான் இருக்கிறது, சிரிக்கிறோம். விளம்பர டைரக்டர் மூச்சு விடாமல் ஜப்பானிய மொழியில் பேசுகிறார். மொழிபெயர்க்கும் அம்மாள் ஒரே வரியில் முடிக்கிறாள். டைரக்டர் பேசியதற்கு சப்டைட்டில் கிடையாது. அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நடிப்புக்கு அவர் நுணுக்கமாக யோசனை சொல்கிறார். உளறல் இல்லை. அதை நமக்குத் தெரியாமல் வைத்தது டைரக்டரம்மாவின் தீர்மானம். கதாநாயகருக்குப் புரியாதது நமக்கும் புரிய வேண்டாம் என்று வாதம் பண்ணலாம். வாதம் சரிதான். ஆனால் நூற்றுச் சொச்சம் நிமிஷத்தில் ஒரே ஒரு ஜப்பானியராவது முழு மனிதராக வந்துபோயிருக்கலாம். எல்லாரும் வேடிக்கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் தங்கியவரின் ஜப்பான் இது. விருந்தாளியின் ஜப்பான்.

தங்கி, சம்பளம் வாங்கி, சண்டை போட்டு, மாட்டிக்கொண்டவர்களின் ஜப்பான் வேறே. அதைப் பார்க்க ராபர்ட் வைட்டிங் எழுதிய 'யூ காட்டா ஹேவ் வா' படிக்க வேண்டும். 1989-ல் வந்தது. வைட்டிங் 1962-ல் அமெரிக்க விமானப் படை ஆளாக டோக்கியோவில் இறங்கி, அங்கேயே கல்லூரியில் படித்து, பத்திரிகையாளராக நிலைத்தவர். 'வா' என்றால் இணக்கம், ஒத்துப்போதல். ஜப்பான் பேஸ்பால் அணிகள் அமெரிக்க ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டிவருகின்றன. அவர்களுக்கு 'சுகெட்டோ' என்று பெயர். கூலிக்கு வந்த ஒத்தாசைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்து ஜெயித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ரொம்ப ஜெயித்துவிடக் கூடாது!

கேலி இல்லை. 1985. ஒஸாகா பக்கத்து அணியான ஹான்ஷின் டைகர்ஸில் ரேண்டி பாஸ் என்று தாடிக்கார அமெரிக்கர். அந்த சீசனில் 54 ஹோம் ரன். ஒரே சீசனில் 55 என்பது ஜப்பான் சாதனை; 1964-ல் ஸதாஹாரு ஓ வைத்தது. பாஸுக்குக் கடைசி ஆட்டம் யாரோடு? ஓ மேனேஜராக இருந்த யோமியுரி ஜயன்ட்ஸோடு. பந்து வீச வந்தவர்கள் வேண்டுமென்றே மட்டைக்கு எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிரிக்கெட்டில் ஓவர் முழுக்க வைடு போடுவது மாதிரி. பேஸ்பாலில் அப்படிப் போட்டால் அடிக்கிறவர் நடந்தே முதல் தளத்துக்குப் போக வேண்டியதுதான். அடிக்க முடியாது. பாஸ் 54-லேயே நின்றார். தான் அப்படி உத்தரவு போடவில்லை என்றார் ஓ. 2001-ல் டஃபி ரோட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் 55-ஐ எட்டிப் பிடித்து நின்றபோதும் ஓ மேனேஜராக இருந்த வேறோர் அணி அதே வைத்தியத்தைச் செய்தது. சாதனை முறிய 2013 ஆயிற்று. முறித்தவரும் வெளி ஆள்தான், குரஸாவ் தீவுக்காரரான பாலென்டீன்.

இங்கே ஒரு வேடிக்கை. ஓ யார்? டோக்கியோவில் பிறந்தவர். ஆனால் அப்பா சீனர். குடியுரிமை சீனக் குடியரசு, அதாவது தைவான். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, ஜப்பான் குடிமகன் இல்லை என்பதால் தேசிய விளையாட்டு விழாவில் அவரை ஆட விடவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் சாதனையை இன்னொரு வெளி ஆளிடமிருந்து காப்பாற்ற ஒரு ஊரே கூடி நின்றது!

அதே 1985-ல் ஹான்ஷின் கோப்பை நோக்கிப் போனபோது ஒஸாகா ரசிகர்கள் டோடோன்போரி வாய்க்கால் பாலத்தில் கூடினார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரையும் கத்திக் கூப்பிட, அவர் ஜாடையில் இருக்கிற ரசிகர் ஒருவர் தண்ணீரில் குதிக்க வேண்டும். பாஸ் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரனுக்கு எங்கே போவது? பக்கத்தில் கென்டக்கி சிக்கன் கடை. வாசலில் நின்ற கர்னல் சான்டர்ஸ் பொம்மையைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்கள். அதற்கப்புறம் அந்த அணி கோப்பையை ஜெயிக்காததால் கர்னலின் சாபம் என்று பேச்சு. பொம்மையை 2009-ல் வாய்க்காலிலிருந்து எடுத்தார்கள். கோப்பை 2023-ல் திரும்பி வந்தது.

பாஸ் கதைக்கு ஒரு கசப்பான முடிவும் உண்டு. 1988-ல் மகனுக்கு மூளையில் கட்டி. அமெரிக்கா போய்ப் பையன் பக்கத்தில் இருந்தார். அணி அவரை நீக்கிவிட்டது. அணிக்கும் குடும்பத்துக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ரெண்டு தரப்புக்கும் சண்டை. 2023-ல் அவரை ஜப்பான் பேஸ்பால் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள். நல்லது. முப்பத்தைந்து வருஷம் தாமதமானாலும் நல்லதுதான்.

வைட்டிங் இதையெல்லாம் எழுதும்போது மைதானத்து வியர்வை நாற்றம் நம் மூக்குக்கு வருகிறது. குறை என்று பார்த்தால், எல்லாப் பூட்டுக்கும் 'வா' என்கிற ஒரே சாவியைப் போட்டுப் பார்க்கிறார். அதிகப் பயிற்சியா? வா. சம்பளப் பேச்சில் தகராறா? வா. முதலாளி சொன்னதைக் கேட்க வைப்பதற்கு எல்லா ஊரிலும் ஏதோ ஒரு நல்ல வார்த்தை இருக்கத்தானே செய்கிறது? அதைத் தேசத்தின் ஆத்மா என்று எடுத்துக்கொண்டால் சிரிக்கிறவர் முதலாளிதான்.

மல்யுத்தம் நேர் எதிர். சூமோவுக்குப் போன ஹவாய்க்காரர்களைச் ஜப்பான் முழுசாக விழுங்கிக்கொண்டது. பெயர், பாஷை, சாப்பாடு, தலைமுடி எல்லாம் மாற வேண்டும். 1972-ல் ஒரு போட்டித் தொடரை வென்ற முதல் வெளிநாட்டவர் தகமியாமா. 1993-ல் யோகோஸுனா என்கிற உச்சப் பட்டத்துக்கு வந்த முதல் வெளிநாட்டவர் அகெபோனோ. நடுவில் கொனிஷிகி என்ற இன்னொரு ஹவாய்க்காரர் போட்டிகளை ஜெயித்தும் அந்தப் பட்டம் கிடைக்காமல் நின்றார்; 1992-ல் பட்டத்துக்கான ஆலோசனைக் குழுவிலிருந்த ஒருவரே 'வெளிநாட்டு யோகோஸுனா வேண்டாம்' என்று பத்திரிகையில் எழுதினார். அகெபோனோவைப் பற்றி மார்க் பானெக் 2006-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு நிதானமான, நல்ல புத்தகம். அகெபோனோ ஜப்பான் குடிமகனாகி, ஜப்பானிலேயே 2024-ல் காலமானார்.

சரி, நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். டொனால்ட் ரிச்சி.

1924-ல் ஓஹையோ மாநிலத்தில் லிமா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1947 தொடக்கத்தில், அமெரிக்கா ஜப்பானை ஜெயித்து ஆக்கிரமித்திருந்த நேரத்தில், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் டைப்பிஸ்டாக டோக்கியோ வந்தார். குண்டு வீச்சில் எரிந்த நகரம். கின்ஸா நாற்சந்தியில் நின்றால் நடுவே மறைக்கக் கட்டடங்களே இல்லாமல் ஃபுஜி மலை தெரிந்ததாம். ஜப்பானியர்களின் சினிமாக் கொட்டகைகளுக்குள் அமெரிக்கர்கள் போகக் கூடாது என்று அப்போது உத்தரவு. மனுஷன் ஒளிந்து ஒளிந்து போய்ப் பார்த்தார். பாஷை தெரியாது. அது தெரியாததாலேயே படத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கற்றார். அந்தத் திருட்டு சினிமாவிலிருந்து முளைத்ததுதான் பின்னால் ஜோசஃப் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதிய ஜப்பானிய சினிமா வரலாறு (1959), குரோசவா பற்றிய நூல் (1965), ஓசு பற்றிய நூல் (1974). மேற்கத்திய உலகம் ஜப்பான் படங்களைப் பார்க்கக் கற்றதில் இவருக்குப் பெரிய பங்கு. நடுவில் சில வருஷங்கள் அமெரிக்காவில் இருந்தார். மற்றபடி 2013-ல் சாகிற வரைக்கும் டோக்கியோதான். கடைசிக் காலத்தில் உவேனோவில், ஷினோபாஸு குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஃபிளாட்.

அவருடைய 'தி இன்லாண்ட் ஸீ' (1971) ஒரு பயணப் புத்தகம். ஹோன்ஷுவுக்கும் ஷிகோகுவுக்கும் நடுவே உள்ள செட்டோ உள்கடலில் தீவு தீவாகப் போகிறார். பழைய ஜப்பான் அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு. (1988-ல் அந்தக் கடலுக்கு மேலேயே பெரிய பாலம் வந்துவிட்டது.) இன்னொன்று 'தி ஜப்பான் ஜர்னல்ஸ்'. 1947 முதல் 2004 வரை எழுதிய நாட்குறிப்பு. 2004-ல் வெளியானது. எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் இதுதான். எனக்கு ரொம்பக் கோபம் வரவைத்த புத்தகமும் இதுதான்.

பிடித்ததற்குக் காரணம், மனுஷன் கண். பிரபலங்கள் வந்துபோகிறார்கள். ஆனால் அவர் ரசித்து எழுதுவது உவேனோ பூங்காவில் ராத்திரி நடமாடுகிறவர்களை. வீடில்லாதவர்கள், உடம்பை விற்கிறவர்கள், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள். யாரையும் கீழே பார்த்து எழுதுவதில்லை. கோட்பாடு கிடையாது, சாவி கிடையாது. பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான். இன்னொரு நேர்மை, ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசினாலும் படிக்க எழுதத் தனக்குச் சரியாக வராது என்பதை அவர் மறைத்ததில்லை. அறுபது வருஷம் இருந்தவருக்கு இது எப்படி முடிந்தது என்று நாம் வாய் பிளக்கலாம். ஆனால் அவருடைய கொள்கைக்கே இது பொருந்திப் போகிறது.

கொள்கை என்ன? ஜப்பான் என்னை ஒருநாளும் உள்ளே சேர்க்காது. அதனால்தான் எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது என்பார். உள்ளே சேர்ந்தால் கடமை வரும். ஆபீஸில் மேலே கீழே பார்த்துக் குனிய வேண்டும். கல்யாணம், உறவு, தெருக் கமிட்டி எல்லாம் வரும். வெளியே இருந்தால் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. 'பாவம், கைஜின், அவனுக்கு என்ன தெரியும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது அவமானம் இல்லை, விடுதலை என்கிறார் ரிச்சி.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு வரவு, செலவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. ரிச்சியின் பேரேட்டில் வரவுப் பத்தி நிரம்பி வழிகிறது. அதில் ஒரு வரவு ரொம்ப முக்கியமானது. ஆண்களை நேசித்தவர் அவர். ஓஹையோவிலேயே இருந்திருந்தால் எல்லாரிலும் ஒருவராக, உள்ளூர்க்காரராக இருந்திருப்பார். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் குற்றவாளியாகவும் இருந்திருப்பார். ஜப்பானில் அதற்குச் சட்டத் தடை கிடையாது. ஆகவே அவர் 'விடுதலை' என்று எழுதும்போது நாம் அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. நிஜமான விடுதலை.

என் கேள்வி அடுத்த பத்தியைப் பற்றியது. இந்த வரவுக்கு முதல் போட்டது யார்? ஜெயித்த நாட்டின் பாஸ்போர்ட். 1947-ல் அந்த ஊரில் பட்டினி கிடந்தவர்கள் நடுவே அமெரிக்கருக்குத் தனிக் கடை, தனி ரயில் பெட்டி. சட்டம் அவரை எதுவும் கேட்காது. அந்த மரியாதையின் வால் பிறகும் நீண்டுகொண்டே வந்தது. அதே ஊரில் வேறு வெளி ஆட்களும் இருந்தார்கள். ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் வந்து சேர்ந்த கொரியர்கள். 1952-ல் ஒரே நாளில் அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை போயிற்று. அங்கேயே பிறந்த பிள்ளைகளும் வெளிநாட்டவராகப் பதிவு பண்ணிக்கொண்டு, விரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நிரந்தரமாகக் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கைரேகை 1993-ல்தான் ரத்தாயிற்று. அவர்களும் வெளியேதான் நின்றார்கள். வெளியே நிற்பது சுகம் என்று அவர்களில் யாரும் நானூறு, ஐந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதினதாகத் தெரியவில்லை. ரிச்சிக்குக் கிடைத்தது வெளித் திண்ணை. காற்றோட்டமானது, வேடிக்கை பார்க்கத் தோதானது. அவர்களுக்குக் கிடைத்தது சாத்தின கதவு.

அமெரிக்கருக்கே அந்தக் கதவு சாத்தப்பட்டால்? அதுவும் நடந்தது. ஹொக்கைடோவில் ஓடாரு என்ற துறைமுக ஊர். 1999-ல் அங்கே ஒரு வெந்நீர்க் குளியல் கூடத்துக்கு டேவிட் ஆல்ட்விங்கிள் என்ற அமெரிக்கர் குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனார். வாசலில் 'ஜப்பானியர் மட்டும்' என்று போர்டு. ரஷ்ய மாலுமிகள் வந்து குடித்துவிட்டு ரகளை பண்ணியதால் வைத்தோம் என்றார்கள். அவருக்கு ஜப்பானிய மனைவி. ரெண்டு பெண் குழந்தைகள், ரெண்டு பேருமே ஜப்பான் குடிமக்கள். குழந்தைகள் வரலாமா என்று கேட்டதற்கு, இந்தக் குழந்தை ஜப்பானிய ஜாடை, வரலாம். அந்தக் குழந்தை ஜாடை வேறே, வரக் கூடாது என்று பதில் வந்ததாக எழுதுகிறார். அடுத்த வருஷம் அவரே ஜப்பான் குடிமகனாகி, அருடோ டெபிடோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, குடியுரிமைக் காகிதத்தோடு திரும்பப் போனார். நீங்கள் ஜப்பானியர் என்று ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மற்ற வாடிக்கையாளருக்கு அது தெரியாதே என்று மறுபடியும் வெளியே அனுப்பினார்கள். மூன்று பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2002-ல் ஸப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஓடாரு நகராட்சிக்கு இதில் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயும், 2005-ல் அதே முடிவு.

அருடோ இதை 'ஜாப்பனீஸ் ஒன்லி' என்று புத்தகமாக எழுதினார். இலக்கியம் என்று யாரும் சொல்ல முடியாது. கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், கோர்ட்டுக் காகிதங்கள், கோபம், மறுபடி கோபம். ரிச்சியின் ஒரு பக்கத்தில் இருக்கிற காற்று இந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. பல இடங்களில் 'ஐயா, போதும்' என்று நமக்கே தோன்றும். ஜப்பானில் வாழ்கிற மற்ற வெளிநாட்டவர்களிலேயே பலருக்கு அவர் மேல் எரிச்சல். ஏன் இப்படிக் குழப்புகிறார், இருக்கிற நல்ல பெயரும் போகிறதே என்று.

ஆனால் ரெண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ரிச்சிக்கு விடுதலையாகத் தெரிந்த அதே ஏற்பாடுதான் அந்தக் குழந்தைக்கு வாசல் போர்டாக வருகிறது. ரிச்சிக்குப் பிள்ளை இல்லை. வெளியே நிற்பது அவர் தேர்ந்தெடுத்தது. பிடிக்காவிட்டால் நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறார், அங்கே நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சில வருஷம் வேலையும் பார்த்திருக்கிறார். அந்தக் குழந்தைக்குத் திரும்பிப்போக ஊர் எது? அது பிறந்த ஊரே அதுதானே? அழகான நடை ஒரு அநியாயத்தை எவ்வளவு சுலபமாக ரசனைக்குரிய விஷயமாக்கிவிடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. எழுத்தாளராக ரிச்சி எவ்வளவோ உயரம். இந்த வழக்கில் என் ஓட்டு அருடோவுக்கு.

மூன்றாவதாக ஒரு அமெரிக்கர் பாக்கி. டொனால்ட் கீன். 1922-ல் நியூயார்க்கில், புரூக்ளினில் பிறந்தவர். 1940-ல் டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு கடையில் 'கெஞ்சியின் கதை' இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை 49 சென்டுக்கு வாங்கியதில் ஆரம்பித்தது எல்லாம். கனமான புத்தகம், விலை மலிவு, அதனால் வாங்கினேன் என்கிறார். யுத்தத்தில் கடற்படைக்குப் போய் ஜப்பானிய மொழி படித்தார். செத்த ஜப்பானியச் சிப்பாய்களிடம் கைப்பற்றிய டைரிகளைப் படிப்பது வேலை. சில டைரிகளின் கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வேண்டுகோள் இருக்குமாம், போர் முடிந்ததும் இதை என் குடும்பத்திடம் சேர்த்துவிடுங்கள் என்று. அப்படிச் சிலவற்றைக் கீன் ஒளித்து வைத்தார். மேலதிகாரிகள் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார்கள். அவர் முதன்முதலில் நெருங்கிப் பழகிய ஜப்பானியர்கள் செத்தவர்கள்தான்.

பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் கற்பித்தார். ரிச்சி படிக்கத் தெரியாமல் பார்த்தார். கீன் படித்துப் படித்தே பார்த்தார். அவருடைய தன்வரலாறு 'கிரானிக்கிள்ஸ் ஆஃப் மை லைஃப்' 2008-ல் வந்தது. குறை சொல்ல வேண்டுமென்றால், மரியாதை ஜாஸ்தி. தனிஸாகி, மிஷிமா என்று யாரைப் பற்றி எழுதினாலும் ஒரு சுடுசொல் கிடையாது. கொஞ்சம் வம்பு இருந்தால் தேவலையே என்று பத்திரிகைக்கார புத்தி ஏங்குகிறது.

2011 மார்ச் 11. பூகம்பம், சுனாமி, ஃபுக்குஷிமா அணு உலை. வெளிநாட்டவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். 'ஃபிளைஜின்' என்று அவர்களுக்குக் கிண்டல் பெயர் கூட வைத்தார்கள். கீன் அப்போது நியூயார்க்கில். வயசு 88. எல்லாரும் கிளம்புகிற ஊருக்கு நான் நிரந்தரமாகப் போகிறேன் என்று அறிவித்தார். ஜப்பான் குடியுரிமை வேண்டும் என்றால் பழையதை விட்டுவிட வேண்டும். விட்டார். 2012 மார்ச்சில் ஜப்பான் குடிமகனானார். 2019-ல், 96 வயசில், டோக்கியோவில் இறந்தார்.

குடியுரிமை வாங்கியபோது தன் பெயரைச் சீன எழுத்தில் எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு வேடிக்கை பண்ணினார். கினு என்ற நதியின் பெயரிலிருந்தும் நருட்டோ என்ற ஜலசந்தியின் பெயரிலிருந்தும் எழுத்துகளை எடுத்துக் 'கீன் டொனால்ட்' என்று ஒலிக்கிற மாதிரி சேர்த்தார். அந்த எழுத்துகளில் முதல் இரண்டுக்கும் தனித்தனியே அர்த்தம் பார்த்தால் பேய், கோபம் என்று வரும். வாழ்நாள் முழுக்க யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர், 89-வது வயசில், ஜப்பானியர்களுக்கு மட்டுமே முழுசாகப் புரியக்கூடிய ஒரு ஜோக்கைத் தன் பெயராகவே எழுதி விசிட்டிங் கார்டு மாதிரி நீட்டினார்.